காய்ந்த கிராட்டன்

ஓட்டர் நெக், விஸ்கான்சின்
1914 மே 11

தம்பி அம்ப்ரோஸுக்கு,

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு ராட்சசன், ஆற்றின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு காலை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறான். அவன் கால்களுக்கு நடுவே 'பெரிய மாலக்கியின் சாகசங்கள்' என்று எழுதியிருக்கிறது. பின்னட்டையில் நீ விளம்பரம் எழுதும் மரக் கம்பெனியின் பலகை விலைகள். உள்பக்கத்தில் பென்சிலால் நீ ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: 'அக்கா, அப்பா சாகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.'

அந்தப் பென்சில் வரி மட்டும் இல்லையென்றால் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அப்பா என் காது உயரம்தான் இருப்பார். அவர் சட்டை இப்போது உன் தோளில் ஏறாது. ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும்போது கட்டையிலிருந்து தன் நிழல் தவறி விழுந்ததையும், அதைப் பிடித்து அடுப்பின் மேல் உலர்த்தியதில் சுருங்கிப்போனதையும், அன்று முதல் தனக்குப் பொடியன் நிழல்தான் என்பதையும் முகத்தில் ஒரு கோடு அசையாமல் சொல்வார். குள்ளமான ஒரு மனிதர் தன் உயரத்தைப் பற்றி, அடுத்தவன் சிரிப்பதற்கு முன்பாகத் தானே செய்துகொண்ட கதை அது. அதையும் அப்பாவின் பெயரையும் தூக்கி ராட்சசனுக்குக் கொடுத்திருக்கிறாய். ராட்சசனுக்கு எதற்குச் சுருங்கிய நிழல்? எழுதும்போது ஒரு நிமிடமாவது யோசித்தாயா?

அதையும் விடுகிறேன். கடைசி அத்தியாயத்தை விட முடியாது. ஆற்று வளைவில் கட்டைகள் அடைத்துக்கொள்கின்றன. பெரிய மாலக்கி பந்தயம் கட்டுகிறான். தொப்பியை வீசி எறிந்துவிட்டு 'சிரித்துக்கொண்டே' அடைப்பின் மேல் குதிக்கிறான். அடைப்பு உடைகிறது. ஒரே கட்டையின் மேல் நின்றபடி கடலுக்கே போய்விடுகிறான், இன்னமும் போய்க்கொண்டிருக்கிறான்.

கட்டையில் வழுக்காமலிருக்க அடியில் ஆணி அடித்த அப்பாவின் பூட்ஸ் வளைவுக்கு மேலே அந்தப் பைன் மரத்தில்தான் தொங்குகிறது. ஆற்றில் செத்தவனைக் கரையில் புதைத்துப் பூட்ஸை மரத்தில் மாட்டுவதைத் தவிர இங்கே வேறு கல்லறை கிடையாது என்பது உனக்குத் தெரியும். மாட்டியவர்களில் நீயும் ஒருவன். கடலுக்குப் போகிறவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டா போனார்?

அந்த அத்தியாயத்தை எடு. அல்லது நடந்ததை எழுது.

ஓர்ஃபா


மினியாபொலிஸ்
1914 மே 19

அன்புள்ள அக்கா,

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஒரு நகைச்சுவைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் சிவப்பு மையோடு உட்காருகிறவள் நீ.

கடைசிக் கதையை நான் மேசையில் உட்கார்ந்து ஜோடிக்கவில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த கூடாரத்தில் சொன்னேன். நீ அங்கே இல்லை. நம் ஆட்களின் வழக்கப்படி, ஆற்றில் போனவனுக்கு முதல் பொய்யை அவன் மகன் சொல்ல வேண்டும். அடுத்தவன் அதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும். அழுகிறவன் வெளியே போய்விட வேண்டும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நாற்பது முகங்கள் என்னையே பார்த்தன. பந்தயம், தொப்பி, சிரிப்பு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் ஒவ்வொருவராக ஏற்றி ஏற்றி அப்பாவைக் கடல்வரை கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய மரியாதையை அந்தக் கூடாரத்தில் வேறு யாருக்கும் நான் பார்த்ததில்லை. அதைத்தான் அச்சடித்திருக்கிறேன்.

நீ நிறையப் படிப்பவள், இதையும் யோசித்துப் பார். பழைய நாடுகளுக்குத் தெய்வங்கள் இருக்கின்றன, ராஜாக்கள் இருக்கிறார்கள். நமக்கு என்ன இருக்கிறது? குளிர், மரம், வேலை. அதனால்தான் நம் ஆட்கள் எதையும் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். ஒரு புதிய தேசம் தன் கதைகளைத் தானே செய்துகொள்கிறது, அதில் அப்பாவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இது சின்ன விஷயமா?

கம்பெனிக்கும் பிடித்துவிட்டது. இரண்டாம் பதிப்பு வருகிறது. ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விழாவில் கடைசி அத்தியாயத்தை நம்மூர் ஆலை முற்றத்தில் உரக்கப் படிக்கப் போகிறார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது. மேஸ்திரி கிராட்டனே படிக்கச் சம்மதித்திருக்கிறாராம். பெரிய மனதுதான்.

அம்ப்ரோஸ்


ஓட்டர் நெக்
1914 மே 27

அம்ப்ரோஸ்,

'பெரிய மனதுதான்.' இதை எழுதிய பிறகு உன் பேனா எப்படி ஓடியது?

நான் கூடாரத்தில் இல்லைதான். அப்பாவின் சாவைப் பற்றிய விசாரணையில் இருந்தேன். நீ அளந்த பந்தயக் கதையைக் கூடாரத்தின் மூலையில் நின்று கேட்ட கிராட்டன், மறுநாள் பைபிளின் மேல் கை வைத்து அதையே அதிகாரியிடம் சொன்னார். 'பந்தயம் கட்டிக் குதிச்சான் சார். நாங்க தடுத்தோம், கேக்கல.' நாற்பது ஆண்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கம்பெனிக்குப் பயந்து என்று அப்போது நினைத்தேன். பயம் மட்டுமல்ல. செத்தவனுக்காக அவன் மகன் சொன்ன கதையைப் பொய் என்று சொல்லக் கூடாது. சொன்னவன் தோற்றவன், அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கதையைப் பொய் என்று சொன்னவன் எல்லாருக்கும் பீர் வாங்க வேண்டும் என்ற ஒரு விளையாட்டு விதியைச் சத்தியம் செய்யும் இடத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உலகத்தில் வேறு எந்த ஆண்களும் இப்படி ஒரு தவறைச் செய்திருக்க மாட்டார்கள். நீயும் அவர்களோடு நின்றாய்.

சமையல்காரர் பாட்டீஸ் போன குளிர்காலம் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் அன்று கரையில் ரொட்டிக் கூடையோடு நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலணையைத் திறக்கட்டும், அந்த வெள்ளமே அடைப்பை உடைக்கும், அதுவரை காத்திருக்கலாம் என்று அப்பா சொன்னார். கிராட்டன் சொன்னது இது: 'நீ போறியா, இல்ல உன் பையனை அனுப்பட்டுமா?'

பந்தயம் இல்லை. சிரிப்பு இல்லை. தொப்பியைப் பத்திரமாகப் பாட்டீஸின் கூடைக்குள் வைத்துவிட்டுப் போனாராம்.

உன் தேசத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நமக்குக் கதைகள் இல்லை என்கிறாய். இந்த ஆற்றுக்கு இங்கேயே பிறந்து வளர்ந்த ஓஜிப்வே பழங்குடிகள் சொன்ன கதைகள் இருந்தன. கதைகளையும் அவர்களையும் சேர்த்துத்தான் மரம் வெட்டுவதற்காக அப்புறப்படுத்தினோம். நம் ஆட்கள் எதற்காகப் பெரிதாக்குகிறார்கள் என்பதையும் நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். கோழியின் நிழல் விழுந்த வெந்நீரைத்தான் சூப் என்று ஊற்றினார்கள் என்று ஒருவன் சொல்லும்போது அவன் சூப்பைப் பற்றிப் புகார் சொல்கிறான். மேஸ்திரிக்கு எதிரில் நேராகச் சொல்ல முடியாததைப் பத்து மடங்காக ஊதிச் சொல்கிறான், சிரிப்பென்று விட்டுவிடுவார்கள் என்பதால். ஒவ்வொரு பொய்க்குள்ளும் ஒரு புகார் இருக்கிறது. நீ சிரிப்பை வைத்துக்கொண்டு புகாரை எடுத்துவிட்டாய். கம்பெனிக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்த அத்தியாயத்தை அந்த வாய் படிக்கக் கூடாது. நிறுத்து.

ஓர்ஃபா


மினியாபொலிஸ்
1914 ஜூன் 8

அக்கா,

அந்த வாக்கியத்தை நீ காகிதத்தில் எழுதி அனுப்பினாய். எரித்துவிட்டேன்.

எனக்கு அது தெரியாது என்று நினைத்தாயா? பாட்டீஸ் ரொட்டிக் கூடையோடு நின்றான் என்றால் நான் எங்கே நின்றேன்? கிராட்டனிடமிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, 'பூட்ஸ் கயிறை ஒழுங்கா கட்டுடா' என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நடந்ததை எழுது, நடந்ததை எழுது என்கிறாய். எழுதினால் ஊர் என்ன சொல்லும்? மகனுக்குப் பதிலாக அப்பன் போனான், மகன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான் என்று சொல்லும். அதுவும் ஒரு கதைதான். அது கிராட்டனைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. நான் சிரிப்பை வைத்தது கம்பெனிக்காக அல்ல.

விழாவை நிறுத்த என்னால் முடியாது. முடிந்தாலும் நிறுத்த மாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

அம்ப்ரோஸ்


ஓட்டர் நெக்
1914 ஜூலை 6

அம்ப்ரோஸ்,

விழாவில் உன் புத்தகத்தைப் படிக்கவில்லை. யாரும் படிக்கவில்லை. வேறு வாய்கள் வழியாக உனக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

படிப்பதற்கு முன்பாக வழக்கம்போலப் பொய்ப் பலகை; அதில் உட்கார்ந்தவன் ஒரு பெரும் பொய்க்கதை சொல்ல வேண்டும். இரண்டு பீப்பாய்களின் மேல் போட்ட அதே பழைய பலகை. ரம்பக்காரர் ஒருவர், ஆறு வளைந்து வளைந்து ஓடியதால் ஒரே கட்டை மூன்று முறை சமையல் கூடாரத்தைத் தாண்டியதையும், மூன்றாம் முறை பாட்டீஸ் அதற்கும் ஒரு தட்டு வைத்ததையும் சொன்னார். கிராட்டன் உன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் மாவு கேட்பதற்கே இரண்டு முறை யோசிப்பவள் நான்.

ரம்பக்காரர், "ஏம்மா, இறங்கு, இது ஆம்பளைங்க பலகை" என்றார்.

"ஏன், பொம்பளை உக்காந்தா பலகை ஒடிஞ்சிடுமா?" என்று பாட்டீஸ் கத்தினார். "மாலக்கியோட பொண்ணுடா அது. உக்காரட்டும்."

கிராட்டன் கையை உயர்த்தி, "சொல்லட்டும்யா, சொல்லட்டும். அப்பன் வாயில கொஞ்சமாவது வந்திருக்கும்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு கோடும் அசையாமல் ஆரம்பித்தேன். சொன்னது சொன்னபடி எழுதுகிறேன்:

"வடக்கே ஒரு மேஸ்திரி இருந்தார். அவருக்குத் தண்ணின்னா அவ்வளவு பயம். சனிக்கிழமை குளிக்கணும்னா தனக்குப் பதிலா வேற ஒருத்தனைக் குளிக்கச் சொல்லுவார். மழை வந்தா, 'டேய், என் பங்கையும் நீயே நனை'ம்பார். தாகம் எடுத்தாக்கூட பக்கத்துல நிக்கறவனைக் குடிக்கச் சொல்லிட்டு வாயைத் துடைச்சுக்குவார். ஒரு ஞாயித்துக்கிழமை ஆத்துல கட்டை அடைச்சுக்கிச்சு. தண்ணி ஏறுது. ஒருத்தனைக் கூப்பிட்டு, 'ஏறு'ன்னார். 'கொஞ்சம் பொறுக்கலாமே ஐயா'ன்னான் அவன். 'நீ போறியா, இல்ல உன் பையனை அனுப்பட்டுமா?'ன்னு கேட்டார் மேஸ்திரி. அவன் தொப்பியைக் கழட்டி ரொட்டிக் கூடையில வச்சுட்டுப் போனான்."

இந்த இடத்தில் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை.

"ஆறு அவனை வாங்கிக்கிச்சு. ஆனா ஆத்துக்குக் கோவம் வந்துடுச்சு. அன்னியிலிருந்து அந்த மேஸ்திரி மேல ஒரு சொட்டுத் தண்ணி படறதில்ல. மழை வந்தா அவரைச் சுத்திப் போகுது. கிணத்துல வாளி விட்டா தண்ணி கீழே இறங்கிக்குது. அவர் குனிஞ்சா ஆறே ரெண்டாப் பிளந்து வழி விடுது, மீனெல்லாம் அவரைப் பார்த்துக்கிட்டு நிக்குது. மேலெல்லாம் புழுதி, நாக்கு தோலாப் போச்சு. கையில ஒரு தகர டம்ளரை வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயி, 'எனக்குப் பதிலா யாராவது குடிங்கய்யா'ன்னு கேக்கறார். கடைசில சாவு வந்து கதவைத் தட்டிச்சு. 'வேற ஆளைக் கூட்டிட்டுப் போ'ன்னார் மேஸ்திரி. 'அப்படித்தான் அன்னிக்கே ஒருத்தனைக் கூட்டிட்டுப் போனேன், உன் கணக்கு தீர்ந்துபோச்சு, இனி உனக்கு நான் இல்ல'ன்னு சாவு போயிடுச்சு. அதனால அவருக்குச் சாவும் வர்றதில்ல, தண்ணியும் வர்றதில்ல. இங்கேதான் எங்கேயோ உக்காந்திருக்கார்."

அவ்வளவுதான் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

கிராட்டன் எழுந்தார். கழுத்து சிவந்திருந்தது. "இது..." என்றார். முற்றமே அவர் வாயைப் பார்த்தது. பொய் என்ற அந்தச் சொல்லைச் சொன்னால் ஊருக்கே பீர் வாங்கித் தர வேண்டும். அது அவரால் முடியும். ஆனால் சொன்ன நிமிடத்தில் அந்த மேஸ்திரி தான்தான் என்று ஆகிவிடும். ஐந்து வருடங்களுக்கு முன்னால் நாற்பது பேரின் வாயைக் கட்டிய அதே விதி. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

அப்போது பாட்டீஸ் ஒரு டம்ளர் தண்ணீரோடு போனார். ரொம்ப மரியாதையாக நீட்டினார். "தொண்டை காய்ஞ்சிருக்கும் மேஸ்திரி. குடிங்க."

வாங்காமல் இருக்க முடியவில்லை. டம்ளரை அவசரமாகச் சாய்த்தார். உதடு வரை போன தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையில் கொட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல், "அடேய், பாருங்கடா, தண்ணி ஒதுங்கிப் போகுது!" என்றது. இன்னொரு குரல், "காய்ஞ்ச கிராட்டன்!" என்றது. பிறகு எல்லாக் குரலும் அதையே சொன்னது. விசாரணையில் சுவரோடு நின்ற அந்த ஆட்களே சொன்னார்கள். சிலருக்குச் சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர்; சிரிப்பினால் மட்டும்தானா என்று தெரியவில்லை. கிராட்டன் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். உன் புத்தகம் நாற்காலியின் மேல் கிடந்தது.

நேற்று காலை என்னைக் கம்பெனி விடுதிச் சமையலறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாட்டீஸின் தங்கை நடத்தும் சலவைக்கடையில் வேலை கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமில்லை.

உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையன் நின்றதையும் சொல்லவில்லை, கயிறு கட்டியதையும் சொல்லவில்லை.

ஓர்ஃபா


மினியாபொலிஸ்
1914 ஜூலை 15

ஓர்ஃபாவுக்கு,

சொல்லவில்லையாம். 'இல்ல உன் பையனை அனுப்பட்டுமா' என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டு, பையனைப் பற்றிச் சொல்லவில்லையாம். கேட்டவர்களுக்கு மாலக்கி டூலனுக்கு எத்தனை பையன்கள் என்று தெரியாதா?

இரண்டாம் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். பலகை விலைப் பட்டியலைப் பிழை பார்க்கும் மேசைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். இங்கே என்னைப் பார்க்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள்.

நீ அப்பாவுக்காகச் செய்யவில்லை. என்மேல் உனக்கிருந்த கோபத்துக்காகச் செய்தாய். கிராட்டனை ஒரு கல்லால் அடித்தாய், கல் என்மேலும் பட்டது, உனக்கு அதில் சந்தோஷம். இல்லையென்று எழுதாதே. எதுவுமே எழுதாதே.

அம்ப்ரோஸ்


மினியாபொலிஸ்
1915 பிப்ரவரி 21

அக்கா,

எழுதாதே என்று சொன்னவனே எழுதுகிறேன்.

நேற்று ஆற்றங்கரையிலுள்ள ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐடஹோவிலிருந்து வந்த ஒருவன், மூக்கில் பனிக்கடி வடு உள்ளவன், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தான். 'இது நான் என் கண்ணால பார்த்தது. காய்ஞ்ச கிராட்டன்னு ஒருத்தன்' என்று ஆரம்பித்தான்.

முழுவதும் கேட்டேன். குளியல், மழை, மீன்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நீ சொல்லாத புதிய சங்கதிகளும் சேர்ந்திருந்தன: அவன் அழுதால் கண்ணிலிருந்து மணல் கொட்டுகிறதாம். ஆறு எங்கேயோ மேற்கே போய்விட்டது. அடைப்பில் ஏறியவன் ஒரு ஸ்வீடன்காரன். அப்பாவின் பெயர் இல்லை. கிராட்டனின் பெயர் மட்டும் ஓர் எழுத்துகூடக் கலையாமல் நின்றது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

"எந்தப் பையன்? ஓ, அவனா?" என்றான் அவன், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். "அவன் இன்னும் கரையிலேயேதான் நிக்கறான். அங்கே போனா பார்க்கலாம். முழங்கால் வரைக்கும் பாசி ஏறிடுச்சு."

நான் எழுந்து, "பொய்" என்றேன்.

கடையே என் பக்கம் திரும்பியது. எல்லா முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். "மாட்டினான்டா!" என்று ஒருவன் மேசையைத் தட்டினான். "எல்லாருக்கும் ஊத்துப்பா, இந்தத் தொப்பிக்காரன் குடுப்பான்!"

"குடுக்கறேன்" என்றேன். "ஆனா அது ஸ்வீடன்காரன் இல்ல. அவர் பேரு மாலக்கி டூலன். விஸ்கான்சின்ல, ஓட்டர் நெக் வளைவுல. அவர் எங்க அப்பா. நான்தான் அந்தப் பையன்."

ஐடஹோக்காரன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். குனிந்து என் முழங்காலைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். "தோத்தேன்யா" என்றான். "இருபது வருஷமா கதை சொல்றேன், கதைக்குள்ள இருந்து ஒருத்தன் எழுந்து வந்து என்னை ஜெயிச்சதில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். என்னிடம் ஒரு செண்ட் வாங்கவில்லை. எனக்குத்தான் பீர் வாங்கித் தந்தார்கள். உண்மை என்று இரண்டு முறை சொன்னேன். அதற்கும் கை தட்டினார்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன் அக்கா. அது அன்றைய சிறந்த பொய் என்று பரிசு கொடுத்துவிட்டார்கள். உன் மேலும், அவர்கள் மேலும், அந்த மூக்கு வடுக்காரன் மேலும் எனக்கு இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அம்ப்ரோஸ்


ஓட்டர் நெக்
1915 மார்ச் 4

தம்பி அம்ப்ரோஸுக்கு,

பாசியை நான் சேர்க்கவில்லை. வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அன்று நாற்பது பேர் கரையில் நின்றார்கள். அவர்களில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உன்னை நினைத்துச் சேர்த்தானோ, தன்னை நினைத்தோ.

போன ஜூலையில் நீ எழுதியதில் பாதி சரி. உன் மேலும் கல் படட்டும் என்றுதான் எறிந்தேன். இப்போதும் முழுக்க ஆறவில்லை.

கிராட்டன் இலையுதிர் காலத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டார். கிழக்கே ஏதோ ஆலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்தால் யாராவது ஒரு டம்ளர் தண்ணீரை மரியாதையாக நகர்த்தி வைக்கிறார்களாம். பனி உருகட்டும் என்று காத்திருக்கிறேன். அப்பாவின் பூட்ஸ் வார் இற்றுவிட்டது, அடியிலுள்ள ஆணிகள் மட்டும் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புது வார் போட்டு மாட்ட வேண்டும். முடிந்தால் வா. முடியாவிட்டால் நானே ஏறிக்கொள்வேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கடைக்கு மறுபடியும் போ. மறுபடியும் சொல். உண்மை என்று சத்தியம் செய்யாதே, அது அவர்களுக்குச் சிரிப்புத்தான் மூட்டும். முகத்தை அசைக்காதே. அப்பா குள்ளம் என்பதைச் சொல், நிழல் சுருங்கிய கதையைச் சொல். கயிறு கட்டச் சொன்னதைச் சொல். அதற்கு எவனும் கை தட்ட மாட்டான், பார். பெயரைக் கடைசிவரை வைத்திருக்காதே. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து நான் சொல்லாமல் விட்டேன், அதனால்தான் அவர் ஸ்வீடன்காரராகிவிட்டார். கதையில் கிராட்டன் வருவதற்கு முன்பே, தண்ணீர் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடு: மாலக்கி டூலன் என்று ஒருத்தர் இருந்தார்.

ஓர்ஃபா